ஸ்டீல் கட் ஓட்ஸ்: சட்டியா, குக்கரா, ராத்திரி ஊறலா?

ஸ்டீல் கட் ஓட்ஸைக் கையில் அள்ளினால் சம்பா கோதுமை ரவை மாதிரியே இருக்கும். உமி நீக்கிய ஓட்ஸை இரண்டு மூன்று துண்டாக வெட்டிய குருணை அது. எல்லாக் கடையிலும் கிடைக்கிற ரோல்டு ஓட்ஸ் ஆவியில் அவித்துத் தட்டையாக நசுக்கியது, ஏறக்குறைய அவல் கதை. அதனால் அது ஐந்து நிமிடத்தில் குழைந்துவிடும். இது அரை மணி நேரம் கேட்கும். அந்த அரை மணியை எங்கே செலவழிப்பது என்பதுதான் கேள்வி.

முதலில் திறந்த சட்டி. அரை கப் குருணைக்கு இரண்டு கப் தண்ணீர், ஒரு சிட்டிகை உப்பு. கொதித்ததும் சிறு தீயில் 25 நிமிடம். முதல் கால் மணி நேரம் அதன் பாட்டுக்கு விட்டுவிடலாம். பிறகு கிளறக் கிளற, குருணையிலிருந்து மாவுச்சத்தும் பீட்டா குளுக்கான் என்ற நார்ச்சத்தும் இறங்கித் தண்ணீர் கஞ்சிப் பதத்துக்கு வரும். குமிழிகள் சோம்பலாக ‘பளக்’கென்று வெடிக்க ஆரம்பிக்கும்போது அரை கப் பால் ஊற்றி இன்னும் ஐந்து நிமிடம். பாலை முதலிலேயே ஊற்றினால் பொங்கும், அடியும் பிடிக்கும். வழவழப்புக்குப் பால் கட்டாயமே இல்லை. ஸ்காட்லாந்தின் கார்பிரிட்ஜ் கிராமத்தில் நடக்கும் உலகக் கஞ்சிப் போட்டியின் முதன்மைப் பிரிவில் ஓட்ஸ், தண்ணீர், உப்பு மூன்றுக்கு மட்டும்தான் அனுமதி.

குக்கரில் நேரடியாகப் போட்டு ஒருமுறை சுவரைக் கழுவியிருக்கிறேன். நுரை வெயிட் வழியாகப் பீய்ச்சி அடித்தது. பருப்பு வைப்பதுபோல் உள்பாத்திரத்தில், ஒன்றுக்கு மூன்று தண்ணீரும் ஒரு சொட்டு நெய்யும் விட்டு வையுங்கள். ஒரு விசிலுக்குப் பின் சிறு தீயில் பத்து நிமிடம், ஆவி தானாக அடங்கட்டும். திறந்தால் மேலே தண்ணீர், கீழே குருணை என்று பிரிந்து நிற்கும். பயப்பட வேண்டாம். சூடான பால் சேர்த்து மத்தால் நாலு சுழற்று சுழற்றினால் சேர்ந்துவிடும். ஆனால் சட்டியில் வருகிற பட்டுப் பதம் வராது.

ராத்திரி கொதிக்கவிட்டு மூடி, அடுப்பு மேலேயே வைத்துவிடச் சொல்வார்கள். குளிர்நாட்டு யோசனை. மே மாதத்தில் செய்து பார்த்தேன், காலையில் புளித்த வாடை. நம் ஊருக்கு, பச்சைக் குருணையைத் தண்ணீரில் ஊறவைத்து ஃப்ரிட்ஜில் வைப்பதே சரி. காலையில் அதே தண்ணீரோடு ஏற்றினால் பன்னிரண்டு, பதினைந்து நிமிடத்தில் வெந்துவிடும், பதமும் கிட்டத்தட்ட சட்டியுடையதே. அலுவலக நாளுக்கு என் ஓட்டு இதற்குத்தான். குக்கர் எனக்குக் கடைசி. ஆறு பேருக்குச் சமைக்கிற வீடாக இருந்தால் கணக்கு மாறலாம்.

பழத்தில்தான் பலர் சொதப்புகிறார்கள். ஆப்பிளையும் பேரீச்சையையும் பொடியாக நறுக்கிக் குருணையோடே வேகவிடலாம்; பேரீச்சை கரைந்தால் சர்க்கரை தேவைப்படாது. வாழைப்பழத்தை இறக்குவதற்கு முன் மசித்துச் சேர்த்தால் பாதி வழவழப்பு அதிலேயே வந்துவிடும். மாம்பழத்தை வேகவிடாதீர்கள், கிண்ணத்தில் மேலாகப் போடுங்கள். வேகவைக்காத அன்னாசி மட்டும் வேண்டாம். பாலோடு சேர்ந்து கொஞ்ச நேரத்தில் கசந்துவிடும்.

மிஞ்சியது ஃப்ரிட்ஜில் களி மாதிரி இறுகிவிடும். மறுநாள் கால் கப் பால் ஊற்றி, கட்டியைக் கரண்டி முதுகால் அழுத்திக்கொண்டே சூடாக்கினால் மறுபடி இளகி வரும்.