ஆசிரியர் வாசிப்பு வட்டம்: எந்த நூலில் தொடங்கலாம்?

சூழல், வளங்குன்றா வளர்ச்சி பற்றிப் படிக்கலாம் என்று பல்கலைக்கழக ஆசிரியர்கள் சேர்ந்து ஒரு வாசிப்பு வட்டம் தொடங்கினால், முதல் நூலைத் தேர்வதிலேயே பாதி விஷயம் முடிவாகிவிடுகிறது. நூல் சரியில்லை என்றால் மூன்றாவது கூட்டத்துக்கு நாலு பேர்கூட வரமாட்டார்கள். எனக்குத் தெரிந்து போட்டி மூன்று நூல்களுக்குள்தான்: பூச்சிமருந்துகளின் கேட்டைப் பற்றி அமெரிக்க எழுத்தாளர் ரேச்சல் கார்சன் எழுதிய ‘மௌன வசந்தம்’ (1962), அமெரிக்காவின் எம்.ஐ.டி. தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நால்வர் எழுதிய ‘லிமிட்ஸ் டு குரோத்’ (வளர்ச்சியின் எல்லைகள், 1972), காந்தியப் பொருளாதார அறிஞர் ஜே.சி.குமரப்பாவின் ‘எகானமி ஆஃப் பெர்மனென்ஸ்’ (நிலைத்த பொருளாதாரம், 1945).

நான் பார்ப்பது ஒன்றைத்தான். வேதியியல் பேராசிரியரும் தமிழ்த்துறைப் பேராசிரியரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, ஒருவர் மற்றவருக்குப் பாடம் எடுக்காமல் பேச முடிகிறதா?

இந்தச் சோதனையில் முதலில் பின்தங்குவது ‘லிமிட்ஸ் டு குரோத்’. அது மோசமான நூல் என்பதால் அல்ல. மக்கள்தொகை, உணவு, தொழில் உற்பத்தி, மாசு, தீர்ந்துபோகும் வளங்கள் ஆகிய ஐந்தும் ஒன்றை ஒன்று எப்படி இழுக்கின்றன என்று கணினியில் ஓட்டிப் பார்த்த முயற்சி அது. அதில் வரும் அல்லிக்குளக் கணக்கு எந்த வகுப்புக்கும் பொருந்தும்: தினமும் இரட்டிப்பாகும் அல்லி 30 நாளில் குளத்தை மூடும் என்றால், பாதிக் குளம் மூடுவது 29ஆம் நாள். அதுவரை யாருக்கும் அவசரம் தெரியாது. ஆனால் அந்தக் கணினி மாதிரியின் அனுமானங்களுக்குள் போனதும் கணிதமும் பொருளாதாரமும் தெரிந்த இரண்டு பேர் பேசுவார்கள், மற்றவர்கள் குறிப்பெடுப்பார்கள். அப்புறம், நூல் தருவது ‘இப்படியே போனால்’, ‘இதை மாற்றினால்’ என்கிற பல காட்சிகள். அதை ஆரூடமாக எடுத்துக்கொண்டு பலித்ததா இல்லையா என்று சண்டை போடுவதிலேயே நேரம் போய்விடும்.

குமரப்பா நம் ஆள். 1892இல் தஞ்சாவூரில் பிறந்து, லண்டனில் கணக்காயர் படிப்பும் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பொருளாதாரமும் படித்தவர். இந்த நூலைச் சிறையில் எழுதினார். காந்தி முன்னுரை கொடுத்தார். பொருளாதார அறிஞர் ஷூமாக்கர் 1973இல் வெளியிட்ட ‘ஸ்மால் இஸ் பியூட்டிஃபுல்’ நூலிலும் குமரப்பாவை மேற்கோள் காட்டுகிறார். குமரப்பா இயற்கையில் ஐந்து வகைப் பொருளாதாரங்களைப் பிரித்துக் காட்டுகிறார். மாந்தோப்பில் புகுந்து எதுவும் கொடுக்காமல் தின்றுவிட்டுப் போகும் குரங்கு ஒரு வகை. தேன் எடுக்கும்போதே மகரந்தச் சேர்க்கையும் செய்துவிட்டுப் போகும் தேனீ இன்னொரு வகை. மாதச் சம்பளம் வாங்கும் பேராசிரியர் இந்த ஐந்தில் எதில் வருகிறார் என்று கேட்டுப் பாருங்கள், கூட்டம் சூடாகும்.

அப்படிக் கேட்க ஆள் இல்லையென்றால்தான் சிக்கல். காந்தியவாதி என்றதும் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு நகர்ந்துவிடும் பழக்கம் நம்மிடம் உண்டு. எல்லோரும் தலையாட்டுவார்கள், யாரும் மறுக்கமாட்டார்கள். முதல் கூட்டத்துக்கே இது ஆகாது.

அதனால் என் ஓட்டு கார்சனுக்கு. முழு நூலையும் ஒரே மூச்சில் எடுக்க வேண்டாம். எட்டாவது அத்தியாயத்திலிருந்து தொடங்கலாம், ஏனென்றால் அதில் வரும் ஒரு முக்கியமான கதை நடப்பதே ஒரு பல்கலைக்கழக வளாகத்தில். ஈஸ்ட் லான்சிங்கில் உள்ள மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் எல்ம் மரங்களைக் கொல்லும் பூஞ்சை நோயைத் தடுக்க, அதைப் பரப்பும் வண்டுகளைக் குறிவைத்து 1954இல் டி.டி.டி. என்ற பூச்சிமருந்தைத் தெளிக்கத் தொடங்கினார்கள். இலையில் படிந்த மருந்து உதிர்ந்த இலையோடு மண்ணுக்கு வந்தது, இலையைத் தின்ற மண்புழுவின் உடலில் சேர்ந்தது. வசந்தத்தில் திரும்பி வந்த ராபின் குருவிகள் புழுவைத் தின்று, வளாகத்துப் புல்வெளியிலேயே துடித்துச் செத்தன. பெரிய புழுக்கள் 11 இருந்தாலே ஒரு ராபினைக் கொல்லும் அளவு மருந்து போய்ச்சேரும் என்று கார்சன் எழுதுகிறார். ஒரு பறவை சில நிமிடங்களில் தின்றுவிடும் அளவு அது.

இதைக் கவனித்துச் சொன்னவர் அதே பல்கலைக்கழகத்தின் பறவையியலாளர் ஜார்ஜ் வாலஸ். தெளித்ததும் அதே வளாகம், கண்டுபிடித்ததும் அதே வளாகம். வேதியியல்காரருக்கு மூலக்கூறு இருக்கிறது, விலங்கியல்காரருக்கு உணவுச் சங்கிலி, இலக்கியம் படித்தவருக்குக் கார்சனின் நடை. நிர்வாகத்தில் இருப்பவர் முடிவெடுத்தது யார் என்று கேட்கலாம். ஒருவர் மட்டும் வாத்தியாராக முடியாது.

கார்சன் எல்லாப் பூச்சிமருந்தையும் ஒழிக்கச் சொன்னார் என்று இன்றும் பேசுகிறார்கள். அவர் அப்படிச் சொல்லவில்லை, அதை நூலிலேயே தெளிவாக எழுதியிருக்கிறார். மேற்கோளைக் கேட்டே பழகிய நாம் மூலத்தைப் படிக்க இதுவே போதுமான காரணம். காசர்கோட்டு முந்திரித் தோட்டங்களில் ஹெலிகாப்டரில் எண்டோசல்பான் என்ற பூச்சிமருந்தைத் தெளித்ததையும், 2011இல் உச்ச நீதிமன்றம் அதற்குத் தடை விதித்ததையும் இதோடு சேர்த்துப் பேசலாம்.

கார்சனிடம் ஒரு குறை உண்டு. நஞ்சைப் பற்றிப் பேசுகிறார், நம் நுகர்வைப் பற்றி அதிகம் பேசவில்லை. அந்த இடத்தில்தான் குமரப்பா வேண்டும். சரி, வரிசை இப்படி இருக்கட்டும்: முதல் இரண்டு மாதம் கார்சன். அதற்குள் நம் வளாகத்தில் என்னென்ன களைக்கொல்லி, பூச்சிமருந்து அடிக்கிறார்கள் என்ற பட்டியலைத் தோட்டப் பிரிவில் கேட்டு வாங்கிவிடுவது. அந்தப் பட்டியலோடு குமரப்பாவுக்குப் போவது. ‘லிமிட்ஸ் டு குரோத்’ அடுத்த பருவத்துக்கு இருக்கட்டும். கணிதத்துறையிலிருந்து ஒருவர் முன்கூட்டியே ஒரு மதியம் தனியாக மாதிரியை விளக்கிவிட்டால், கூட்டத்தில் எல்லோரும் பேசலாம்.