எல்எஸ் கோட் போடட்டும், விடுங்க

உபுண்டு 18.04க்கு (லினக்ஸ்ல ஒரு வகை) மாறினப்போ நானும் கடுப்பானவன்தான். ஃபைல்களை லிஸ்ட் போடற எல்எஸ் (ls) கமாண்ட், ஸ்பேஸ் இருக்கற ஃபைல் பேரையெல்லாம் சிங்கிள் கோட்டுக்குள்ள, 'இப்படி', காட்டுது, பேர்லயே கோட் சேந்துடுச்சுன்னு நெனச்சு ரீநேம் பண்ண உக்காந்துட்டேன். நெசத்துல ஃபைல்ல ஒண்ணும் மாறல, டெர்மினல்ல (கமாண்ட் அடிக்கற விண்டோ) காட்டறப்போ மட்டும்தான் இந்த அலங்காரம், அவுட்புட்டை கேட் (cat) மாதிரி வேற கமாண்டுக்கு பைப் பண்ணா, அதாவது அனுப்பினா, கோட் இருக்காது. எல்எஸ் வர்ற ஜிஎன்யூ கோர்யூட்டில்ஸ் தொகுப்போட 8.25ல, 2016 ஜனவரில, டிஃபால்ட் ஆக்குனது இது.

வேணாம்னா கேபிடல் என் ஆப்ஷன் (ls -N) போதும், இல்ல கோட்டிங் ஸ்டைல் வேரியபிளை (QUOTING_STYLE) லிட்டரல்னு, அதாவது பேரை அப்படியே காட்டுன்னு, பாஷ் ஷெல்லோட (நாம அடிக்கற கமாண்டை ஓட்டற புரோகிராம்) செட்டிங் ஃபைலான பாஷ்ஆர்சில வச்சிடலாம். ரெண்டு வருஷம் அப்படித்தான் ஓட்டினேன். பாக்க சுத்தமா இருக்கும், லிஸ்ட்டை இழுத்து எக்ஸெல்ல ஒட்டினா கோட் கூட வராது. அவ்ளோதான்.

மனசு மாறினது ஒரே ஒரு ஃபைலால. ஆபீஸ்ல கணக்கு பாக்கற அக்கா, பேரை வாட்ஸ்அப்லேர்ந்து காப்பி பண்ணி சேவ் பண்ணிருக்காங்க, கடைசில ஒரு ஸ்பேஸ் ஒட்டிக்கிச்சு. என் லிட்டரல் எல்எஸ்ல மார்ச்_கணக்குன்னு அழகா தெரியுது, ஃபைலை அழிக்கற ஆர்எம் (rm) அடிச்சா அப்படி ஒரு ஃபைலே இல்லைங்குது. பர்மிஷனா, டிஸ்க்கான்னு முக்கா மணி நேரம் போச்சு. பக்கத்து சீட்டு தம்பி வந்து அவன் லாகின்ல எல்எஸ் அடிச்சான்:

'மார்ச்_கணக்கு '

மூடற கோட் கொஞ்சம் தள்ளி நிக்குது பாருங்க, அதுதான் வியாதி. அந்த வரிய அப்படியே காப்பி பண்ணி ஆர்எம்முக்கு பின்னாடி ஒட்டினான், போயிடுச்சு.

எனக்கு இந்த ஒட்டற விஷயம்தான் முடிவு பண்ணுச்சு. பேருக்குள்ள சிங்கிள் கோட் இருந்தா அதுவா டபுள் கோட்டுக்கு மாறிக்கும், நியூலைன் இருந்தா டாலர் போட்டு எஸ்கேப் பண்ணும், எதுவா இருந்தாலும் ஷெல் புரிஞ்சிக்கற மாதிரி வரும். லிட்டரல்ல நியூலைன் வெறும் கேள்விக்குறி. லோக்கேல் (மொழி, எழுத்து செட்டிங்) வெறும் 'C'ன்னு இருக்கற சர்வர்ல தமிழ்ப் பேர் பாருங்க, 'அ' ஒண்ணுக்கே ''$'\340\256\205'ன்னு வரும், கண்றாவிதான், ஆனா பாஷ்ல ஒட்டினா வேலை செய்யும், லிட்டரல்ல அதே எழுத்து மூணு கேள்விக்குறி, அத வச்சு என்ன பண்றது? (லோக்கேலை சி.யூடிஎஃப்-8னு மாத்திட்டா ரெண்டு தொல்லையும் இல்ல.)

எல்எஸ்லயே சின்ன பி ஆப்ஷன் (ls -b) ஸ்பேஸுக்கு பேக்ஸ்லாஷ் போடும், ஆனா பேர்ல இருக்கற சிங்கிள் கோட்டைக் கண்டுக்காது, ஒட்டினா ஷெல் தொங்கும். மேக்ல வர்றது பிஎஸ்டி எல்எஸ், கோட்டே போடாது, ஹோம்ப்ரூல (மேக்ல சாஃப்ட்வேர் இன்ஸ்டால் பண்ற டூல்) கோர்யூட்டில்ஸ் போட்டா ஜிஎல்எஸ்னு கிடைக்கும். எல்எஸ்ஸுக்கு மாத்தா வந்த ஈஸாவும் (eza) கோட் போடுது, நிறுத்தவும் ஆப்ஷன் வச்சிருக்கான், நான் ரெண்டு வாரம்தான் ஓட்டினேன், அதனால பெருசா தீர்ப்பு சொல்லமாட்டேன்.

ஒரு குறை இருக்கு. பக்கம் பக்கமா காட்டற லெஸ்ஸுக்கு (less) பைப் பண்ணா கோட் போயிடும், அந்தக் கடைசி ஸ்பேஸ் திரும்ப ஒளிஞ்சிக்கும். அதுக்காக வேரியபிளை ஷெல்-எஸ்கேப்னு (டெர்மினல்ல வர்ற அதே ஸ்டைல்) எக்ஸ்போர்ட் பண்ணிடாதீங்க, அப்புறம் பைப்லயும் கோட் வந்து பழைய ஸ்கிரிப்ட்லாம் குழம்பும். நான் வேரியபிளையே தூக்கிட்டேன், லெஸ்ஸுக்கு அனுப்பறப்போ மட்டும் கேபிடல் க்யூ ஆப்ஷன் (ls -Q), அது பைப்லயும் கோட் போடும்.