நீச்சலுக்குக் குட்டை ஃபின்ஸ்: மூன்று மாதம் போட்டுப் பார்த்த அனுபவம்

நான் கிணற்றில் நீந்தப் பழகியவன். முதுகில் சுரைக்குடுக்கையைக் கட்டி மாமா தள்ளிவிட்டதுதான் எனக்குக் கிடைத்த பயிற்சி. அந்த நீச்சலில் தலை எப்போதும் தண்ணீருக்கு மேலே இருக்கும், கால் சைக்கிள் மிதிப்பது போலச் சுற்றும், கிணற்றுக்கு அது போதும். நாற்பத்திரண்டு வயதில் 25 மீட்டர் குளத்தில் ஃப்ரீஸ்டைல் கற்கப் போனபோது அதே கால்தான் பெரிய தடையாக நின்றது. கிக்போர்டை, அதாவது கையில் பிடிக்கும் மிதவைப் பலகையைப் பிடித்துக்கொண்டு காலை மட்டும் அடித்தால் மூச்சு வாங்கியதே ஒழிய உடம்பு நகரவில்லை. மறுமுனைக்குப் போக 1 நிமிடம் 35 விநாடி ஆனது.

கோச் என்னைக் கரையில் உட்காரவைத்துக் காலை நீட்டி, பாதத்தை முன்னால் சாய்க்கச் சொன்னார். எவ்வளவு முயன்றும் பெருவிரல் கூரையைப் பார்த்தபடியே நின்றது. கணுக்கால் இப்படி இறுகியிருந்தால் பாதம் துடுப்பாக வேலை செய்யாது, கொக்கி மாதிரி நின்று தண்ணீரை இழுத்துப் பிடிக்கும். அதோடு முழங்காலை வயிற்றுப் பக்கம் மடக்கினால் தொடையும் தண்ணீரை எதிர்த்து நிற்கும். அப்புறம் எப்படி முன்னே போவது?

அவர் சொல்லித்தான் குட்டை ஃபின்ஸ், அதாவது பாதத்தில் மாட்டிக்கொள்ளும் துடுப்புத் தகடு, வாங்கினேன். கடலில் முக்குளிப்பவர்கள் போடும் நீள ஃபின்ஸ் இதற்கு ஆகாது, அது கால் அடிக்கும் வேகத்தையே மந்தமாக்கிவிடும். விரல் நுனியைத் தாண்டி நாலு விரற்கடை நீண்டிருந்தால் போதும், நான் வாங்கியது சிலிக்கான்.

முதல் நாளே வித்தியாசம் தெரிந்தது. கீழே அடிக்கும்போது தண்ணீரின் அழுத்தமே பாதத்தை நீட்டிவிடுகிறது. முழங்காலை மடக்கினால் தகடு தண்ணீருக்கு வெளியே வந்து பட்டென்று அறைகிறது, வேகம் சட்டென்று விழுகிறது, அதனால் தப்பு நடந்த அந்த நொடியிலேயே காலுக்குத் தெரிந்துவிடுகிறது. நான் மேல்நோக்கி அடிப்பதே இல்லை என்பது, தொடையின் பின்பக்கம் முதன்முறையாக வலித்தபோதுதான் புரிந்தது. இடுப்பிலிருந்து அடி என்று கோச் நூறு முறை சொல்லியிருப்பார், என் உடம்புக்கு அதைப் புரியவைத்தது இந்த ஃபின்ஸ்தான்.

ஆனால் ஒன்று. இதைப் போட்டால் யாராக இருந்தாலும் வேகமாகத்தான் போவார்கள், அந்த வேகத்தில் மயங்கிக் கழற்றாமலே நீந்தினால் ஒரு பயனும் இல்லை. நான் நாலு லெங்த் (குளத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை போவது ஒரு லெங்த்) போட்டு, நாலு லெங்த் கழற்றி என்று மாற்றி மாற்றி அடித்தேன். கழற்றியவுடன் அடிக்கும் முதல் லெங்த்தில்தான் பாடம் இருக்கிறது, அந்த உணர்வு காலில் தங்கியிருக்கும்போதே அடித்துவிட வேண்டும். கிக்போர்டோடு அடித்தால் தலை தூக்கி இடுப்பு இறங்கிவிடுகிறது. அதைவிட ஒரு கையை முன்னால் நீட்டி, காதைத் தோளில் வைத்து, பக்கவாட்டில் படுத்து அடிப்பது எனக்கு நன்றாக உதவியது. வீட்டில் தினமும் ஐந்து நிமிடம் வஜ்ராசனமும் உட்கார்ந்தேன், கணுக்காலுக்கு அது நல்ல மருந்து.

குறை என்றால் அளவுதான். ஷூ அளவைப் பார்த்து ஆன்லைனில் வாங்கினேன், கரையில் கச்சிதமாக இருந்தது தண்ணீரில் லூசாகிவிட்டது, குதிகாலில் கொப்புளம். மாற்றித் தரச் சொன்னால், நனைந்துவிட்டது என்று விற்றவர் மறுத்துவிட்டார். மெல்லிய சாக்ஸ் போட்டுத்தான் சமாளிக்கிறேன். முடிந்தால் கடையில் காலில் போட்டுப் பார்த்து வாங்குங்கள். முதல் இரண்டு வாரம் உள்ளங்காலில் சதை பிடிக்கும், உடனே நிறுத்தி, விரல்களைக் கையால் முகத்தை நோக்கி இழுத்துப் பிடித்தால் விட்டுவிடும்.

இப்போது ஃபின்ஸ் இல்லாமல், காலை மட்டும் அடித்து அதே 25 மீட்டர் 58 விநாடி. ஆனால் அதைவிட எனக்குப் பெரிது, கால் தாழாமல் 200 மீட்டர் நிற்காமல் போக முடிவது. நீண்ட தூரத்துக்கு ஒரு கைவீச்சுக்கு ஓர் அடி போதும், கால் உடம்பை மட்டமாக வைத்திருந்தாலே சரி. தொடைத் தசை பெரியது, வேகமாக அடித்தால் மூச்சையெல்லாம் அதுவே தின்றுவிடும்.

தவளை போலக் காலை உதைத்து நீந்தும் பிரெஸ்ட் ஸ்ட்ரோக் மட்டும் நீந்துபவர்கள் இதை வாங்க வேண்டாம், அதில் பாதம் வெளிப்பக்கம் திரும்ப வேண்டும், தகடு இடைஞ்சல்தான். கணுக்காலிலோ முழங்காலிலோ பழைய அடி இருந்தால் டாக்டரிடம் கேட்டுவிட்டு வாங்குங்கள்.