ஊசலைக் காப்பாற்றுவதா, குவார்ட்ஸுக்கு மாற்றுவதா?

மூன்று வருஷத்துக்கு முன் பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது தாத்தா காலத்துச் சுவர்க்கடிகாரத்தைக் கழற்றி வைத்தோம். திரும்ப மாட்டியதும் நின்றுபோனது. எண்கோண முகம், அதற்குக் கீழே கண்ணாடி வைத்த சின்னப் பெட்டி, அதற்குள் ஊசல். கடைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். “தம்பி, இந்த மெஷினைக் கழட்டிப் போட்டுட்டு உள்ள செல்லுல ஓடுற குவார்ட்ஸ் மெஷின் வெச்சுத் தர்றேன். சாவி குடுக்குற வேலையே இருக்காது” என்றார் கடைக்காரர். வீட்டிலும் எல்லோரும் அதையே சொன்னார்கள். ஒரு வாரம் யோசித்துவிட்டுப் பழைய மெஷினையே வைத்துக்கொண்டேன்.

நேரம் சரியாகக் காட்டுவதில் குவார்ட்ஸை அடிக்க முடியாது. விநாடிக்கு 32,768 முறை அதிரும் படிகத் துண்டு ஒன்று உள்ளே இருக்கிறது. அந்த எண்ணை 15 முறை பாதியாக்கினால் விநாடிக்கு ஒரு துடிப்பு. அதில் முள் ஒரு படி நகரும். மாதத்துக்குப் பதினைந்து விநாடி முன்னே பின்னே போகும், அவ்வளவுதான். ஊசல் கம்பியோ வெயிலில் நீளும். எஃகுக் கம்பியானால் ஒரு டிகிரி சூடு ஏறினாலே நாளுக்கு அரை விநாடி பிந்தும். மார்கழியில் சரியாக ஓடியது சித்திரையில் வாரத்துக்கு முக்கால் நிமிஷம் வரை பின்தங்கும். விலையிலும் குவார்ட்ஸ்தான் மலிவு.

வடிவம் வேறு விஷயம். ஊசல் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போக ஒரு விநாடி ஆக வேண்டுமானால் அதன் நீளம் ஏறக்குறைய 99 செ.மீ. இருக்க வேண்டும். ஆளுயரக் கடிகாரங்கள் அப்படி உயர்ந்து நிற்பது அதனால்தான். அரை விநாடி போதுமென்றால் நீளம் கால்வாசியாகிவிடும், சுமார் 25 செ.மீ. அதைச் சுவரில் மாட்டலாம். குவார்ட்ஸ் மெஷின் உள்ளங்கையில் அடங்கும் சதுர டப்பா. அதை வட்டத்திலும் வைக்கலாம், மயில் பொம்மையிலும் வைக்கலாம். குவார்ட்ஸ் கடிகாரத்தில் ஊசல் ஆடினால், அதை ஆட்டுவது தனியாக ஒரு காந்தச் சுருள். கையால் பிடித்து நிறுத்திப் பாருங்கள், முள் பாட்டுக்கு ஓடும். எங்கள் எண்கோணப் பெட்டிக்குள் குவார்ட்ஸைப் பொருத்தினால் கீழ்ப்பெட்டிக்கு வேலையே இல்லை. டயலில் இருக்கும் இரண்டு சாவித் துளைகளும் வெறும் ஓட்டையாக நிற்கும்.

ஆனாலும் என்னை முடிவெடுக்க வைத்தது பராமரிப்புதான். குவார்ட்ஸுக்குப் பராமரிப்பே வேண்டாம் என்பார்கள். வருஷத்துக்கு ஒரு செல் மாற்ற வேண்டும், உண்மை. செல் தளரும்போது விநாடி முள் ஒன்பதுக்குப் பக்கத்தில் மேலே ஏற முடியாமல் அதே இடத்தில் துடிக்கும். அப்போதும் மாற்றாமல் விட்டால் செல் கசிந்து பித்தளைத் தகட்டில் பச்சை பூக்கும். பிறகு அதை யாரும் பழுது பார்ப்பதில்லை, டப்பாவைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறு டப்பா மாட்டுவார்கள்.

ஊசல் கடிகாரத்துக்கு என்ன கோளாறு என்பதைக் காதாலேயே கண்டுபிடிக்கலாம். டிக், டாக் இரண்டுக்கும் நடுவே இடைவெளி சமமாக இருக்க வேண்டும். எங்களுடையது டிக்டாக்… டிக்டாக்… என்று நொண்டிக்கொண்டு இரண்டு நிமிஷத்தில் நின்றது. கீழ்ப்பெட்டியை ஒரு விரற்கடை இடது பக்கம் நகர்த்தியதும் சத்தம் சீரானது. வெள்ளையடித்தவர் கோணலாக மாட்டியிருக்கிறார், அவ்வளவுதான். இதற்காகவா மெஷினையே கழற்றச் சொன்னார்கள் என்று அன்றைக்கு மனசு வலித்தது.

இரண்டாவது கோளாறு நாங்களே செய்தது. வருஷக்கணக்காக உள்ளே தேங்காய் எண்ணெய் விட்டிருக்கிறோம். அது பிசினாக இறுகி அச்சுமுனைகளில் ஒட்டியிருந்தது. வேறொரு பெரியவர் மொத்தத்தையும் பிரித்துக் கழுவி, அச்சு சுழலும் துளைகளில் மட்டும் கடிகார எண்ணெயை ஊசிமுனையால் தொட்டு வைத்தார். பல்சக்கரத்தின் பற்களில் எண்ணெயே படக்கூடாதாம், தூசி சேர்ந்து பல்லைத் தின்றுவிடும் என்றார். இனி சில வருஷத்துக்கு ஒருமுறை இந்த வேலை இருக்கும். பிந்தினால் ஊசலின் நுனியில் தொங்கும் குண்டுக்குக் கீழே உள்ள திருகை மேலேற்ற வேண்டும், முந்தினால் இறக்க வேண்டும். அதை நானே செய்துகொள்கிறேன்.

சாவி கொடுத்து முறுக்கும் மெயின் ஸ்ப்ரிங் அறுந்தால் என்ன ஆகும் என்பதை நான் அனுபவித்ததில்லை. இதுபோன்ற மெஷினைப் பிரித்துக் கோக்கத் தெரிந்தவர்கள் ஊருக்கு ஒருவர் இருந்தாலே பெரிது என்பதையும் மறைக்கவில்லை. உங்கள் ஊரில் அப்படி யாரும் இல்லையென்றால் யோசித்துச் செய்யுங்கள். பள்ளி வேன் நேரம் பார்க்கச் சமையலறையில் நானும் குவார்ட்ஸ்தான் மாட்டியிருக்கிறேன்.

சாவி கொடுப்பதை ஒரே கிழமையில் வைத்துக்கொள்ளுங்கள். ஸ்ப்ரிங் முறுக்காக இருக்கையில் கொஞ்சம் முந்தும், தளரத் தளரப் பிந்தும். வாரம் தவறாமல் கொடுத்தால் இரண்டும் ஈடாகிவிடும். எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை காலை. வலது துளை நேரத்துக்கு, இடது துளை மணியடிப்பதற்கு. ராத்திரி மணியடிப்பது குழந்தையை எழுப்புகிறது என்றால் இடது துளைக்குச் சாவி கொடுக்காமல் விட்டுவிடுங்கள், முள் எப்போதும்போல ஓடும்.