கொடைக்கானலில் 'வெஜ் ராமென்' கேட்கப் போகிறவர்கள் கவனத்துக்கு

சைவம் சாப்பிடுகிறவர்களோடு கொடைக்கானலுக்கு வந்து ராமென் (சூப்பில் போட்டுத் தரும் ஜப்பானிய நூடுல்ஸ்) கடையில் உட்காரப் போகிறீர்கள் என்றால், ஆர்டர் கொடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள். போன மே மாதம் எங்கள் அத்தைக்கு நடந்தது இது.

அத்தை கடலூர்க்காரர். இருபது வருடங்களுக்கு முன் வள்ளலார் வழிக்குப் போனவர். அன்றைக்கு விட்ட கறி, மீன், முட்டையை இன்றுவரை தொட்டதில்லை. தைப்பூசத்துக்கு வடலூர் ஜோதி பார்க்காத வருடம் கிடையாது. கோடை விடுமுறைக்குப் பேத்தியைக் கூட்டிக்கொண்டு என் வீட்டுக்கு வந்திருந்தார். பேத்தி கொரியன் சீரியல் பார்த்துப் பார்த்து, "மாமா, ஒரு தடவை ராமென் சாப்பிடணும்" என்று நச்சரித்தாள். ஏரிப் பக்கம் புதிதாக ஒரு கடை திறந்திருந்தார்கள். மூன்று பேரும் போனோம்.

உட்கார்ந்ததும் நான் கேட்ட முதல் கேள்வியே, "வெஜ் ராமெனில் சூப்பு எதில் செய்கிறீர்கள்?" என்பதுதான். ஏனென்றால் ராமெனில் சூப்புதான் உயிர். ஜப்பானில் பன்றி எலும்பையோ கோழி எலும்பையோ பல மணி நேரம் கொதிக்க வைத்து எடுப்பார்கள். எலும்பு இல்லாவிட்டாலும் சூரை மீனைப் புகையில் காயவைத்துச் சீவிப் போடுவது உண்டு. நம் ஊர் மாசிக் கருவாட்டுக்கு அது நெருங்கிய சொந்தம். சைவமாகவும் செய்யலாம், கடல்பாசியையும் காய்ந்த காளானையும் ஊறவைத்தாலே நல்ல சாறு இறங்கும். அதனால்தான் கேட்டேன். பரிமாறுகிற பையன், "பியூர் வெஜ் சார், காய்கறித் தண்ணிதான்" என்றான். அத்தையும் தன் பங்குக்கு, "தம்பி, நான் முட்டைகூடச் சாப்பிட மாட்டேன்ப்பா" என்று சொன்னார். தலையாட்டிவிட்டுப் போனான்.

ஐம்பது நிமிடம் ஆனது. சீசன் கூட்டம், அதை நான் குறையாகச் சொல்லவில்லை. வந்த நூடுல்ஸின் நடுவில் மாவு வேகாமல் வெள்ளையாக நின்றது. இங்கே இரண்டாயிரம் மீட்டருக்கு மேலே தண்ணீர் சுமார் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். பருப்பு குக்கர் இல்லாமல் லேசில் வேகாது என்பது இங்கே குடியிருக்கிற எல்லோருக்கும் தெரியும். கீழே மூன்று நிமிடம் வேகிறது மேலே கூடுதலாகக் கேட்கும். மலையில் கடை போடுகிறவர்களுக்கு இது தெரிய வேண்டாமா?

அத்தை பாதிக் கிண்ணம் சாப்பிட்டார். "நல்லாத்தான் இருக்கு, காரம் கொஞ்சம் தூக்கல்" என்றார். மீதியை வீணாக்க மனமில்லாமல், சூப்போடு சேர்த்துப் பார்சல் கட்டச் சொன்னார்.

மறுநாள் காலையில் அந்த டப்பாவைச் சமையலறையில் திறந்தவர் அவர்தான். இரவெல்லாம் மேடை மேல் இருந்தது, நம் ஊர்க் குளிருக்கு அதற்கு ஃப்ரிட்ஜ் தேவையில்லை. டப்பாவைச் சாய்த்தார். சூப்பு அசையவில்லை. விரலால் ஓரத்தைத் தொட்டார், தொட்ட இடம் குழைந்து ஆடியது. மேலே மெல்லிய வெள்ளை ஏடு. சைவத்துக்கு வரும் முன் எங்கள் குடும்பத்தில் ஆட்டுக்கால் பாயா வைப்பதில் அத்தையை மிஞ்ச ஆள் இல்லை. ராத்திரி மிஞ்சிய பாயா காலையில் எப்படிக் கட்டி நிற்கும் என்று அவர் கைக்குத் தெரியும். என்னைத் திரும்பிப் பார்த்து, "தம்பி, இது எலும்புத் தண்ணி" என்றார்.

நான் சமாதானத்துக்கு, சோள மாவாக இருக்கும் என்றேன். அவர் ஒன்றும் பேசாமல் டப்பாவை வெந்நீர்ப் பாத்திரத்தில் இறக்கி வைத்தார். சோள மாவு என்றால் கூழாகவே நிற்கும். இது நிமிடத்தில் தண்ணீராக இளகி ஓடியது. அத்தை எழுந்துபோய்த் தலைக்கு ஊற்றிக்கொண்டார். அன்றைக்கு விளக்கு ஏற்றவில்லை, மதியம் சாப்பிடவும் இல்லை. வீட்டுக்கு வந்தவரை என் கையால் அழைத்துப் போய் இப்படிச் செய்துவிட்டேனே என்று எனக்குத்தான் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

பதினொரு மணிக்கு டப்பாவோடு கடைக்குப் போனேன். முதலாளி சொன்ன பதில்: "மேலே கறி வைக்கலையே சார், அப்புறம் எப்படி நான்-வெஜ் ஆகும்?" உள்ளே எட்டிப் பார்த்துச் சமையல்காரரிடம் கேட்டேன். "குண்டா ஒண்ணுதான் சார், எல்லாத்துக்கும் அதுலதான் ஊத்துறோம்" என்றார் அவர். அவராவது உண்மையைச் சொன்னார். உடனே முதலாளி, "காசைத் திருப்பித் தர்றேன், எங்கேயும் எழுதாதீங்க" என்று இறங்கி வந்தார். நான் வாங்கவில்லை.

பில்லையும் அப்போதுதான் ஒழுங்காகப் பார்த்தேன். வெஜ் இரண்டு 840, எனக்குச் சிக்கன் 520, அதன் மேல் வைத்த முட்டைக்குத் தனியாக 60, ஆக 1,420. அதற்கு மேல் சர்வீஸ் சார்ஜ் 10 சதவீதம், எல்லாவற்றுக்கும் சேர்த்து 5 சதவீதம் ஜிஎஸ்டி, மொத்தம் 1,640 ரூபாய். வாடிக்கையாளரைக் கேட்காமல் சர்வீஸ் சார்ஜ் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையிலேயே சொல்லிவிட்டது. 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றமும் அது சரிதான் என்றது. எடுக்கச் சொன்னால் எடுத்தாக வேண்டும். அப்புறம், பில்லில் 14 இலக்க உணவு உரிம எண்ணும் இல்லை, ஜிஎஸ்டி எண்ணும் இல்லை. எண் இல்லாதவர் என்னிடம் வரி எப்படி வாங்கினார்? உரிம எண்ணைப் பில்லில் அச்சிடுவது 2022 ஜனவரியிலிருந்து கட்டாயம்.

பணம் போனதுகூடப் பெரிதில்லை. இரண்டு பேர் தனித்தனியாகக் கேட்டும் பொய் சொன்னார்களே, அதுதான் ஆறவில்லை. "வெஜ்தானா?" என்று கேட்டால் எல்லோரும் ஆமாம் என்றுதான் சொல்வார்கள். "சைவத்துக்குத் தனிக் குண்டா இருக்கிறதா, காட்டுங்கள்" என்று கேளுங்கள். தயங்கினால் எழுந்து வந்துவிடுங்கள். மோமோ கடையில் தரும் சூப்புக்கும், துக்பா என்கிற திபெத்திய நூடுல்ஸ் சூப்புக்கும் இதையே கேட்க வேண்டும்.

1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிவு செய்திருக்கிறேன். உணவுப் பாதுகாப்புத் துறைக்கும் பில் நகலோடு எழுதிக் கொடுத்திருக்கிறேன். அது நடந்துகொண்டிருப்பதால் கடையின் பெயரை இங்கே போடவில்லை. மீதி சூப்பை டப்பாவோடு ஃப்ரீசரில் வைத்திருக்கிறேன், அதிகாரி வந்து கேட்டால் எடுத்துக் கொடுக்க.