420 வெள்ளி மாம்பழம்: வாங்கும் முன் இதைப் படியுங்கள்

நேற்று ராத்திரி பதினோரு மணிக்குத்தான் கடைசிப் பெட்டியையும் புளோக்குக்குக் கீழே கொண்டுபோய்க் கொட்டினேன். 12 பெட்டி பங்கனபள்ளி, 420 வெள்ளி. எண்ணைப் பார்த்தபோதே எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும்.

தங்கை வளைகாப்புக்கு வருகிறவர்களுக்குத் தாம்பூலப் பையில் ஆளுக்கு இரண்டு மாம்பழம் போட வேண்டும் என்பது அம்மாவின் ஆசை. தேக்கா சந்தையிலிருந்து அத்தனையையும் தூக்கி வர ஆளில்லை. கைப்பேசிக் குழு ஒன்றில் ஊர்ப் பழத்தை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள் என்றார்கள். சரி என்று சேர்ந்தேன்.

கண்ணை மூடிக்கொண்டு ஒன்றும் காசு அனுப்பவில்லை. "ஞாயிறு வரைக்கும் தாங்குமா அண்ணே?" என்று விற்பவரிடம் கேட்டேன். உடனே ஒரு படம் வந்தது. குளிரறைக் கதவு, பக்கத்தில் சிவப்பு எழுத்தில் 4 டிகிரி, உள்ளே அடுக்கடுக்காய்ப் பெட்டிகள். "இறங்கின நாள்லேருந்து இதே குளிர்தான் தம்பி, கவலையே படாதீங்க." எவ்வளவு பொறுப்பான மனுஷன் என்று நினைத்து, அந்த நிமிடமே கைப்பேசியில் பணம் அனுப்பும் பேநவ்வில் 420 வெள்ளியையும் தட்டிவிட்டேன்.

வியாழக்கிழமை வந்த பழம் பார்க்க நன்றாகத்தான் இருந்தது. பெட்டியின் காற்றுத் துளைகளை டேப் போட்டு அடைத்திருந்தார்கள், உள்ளே பிளாஸ்டிக் தாளில் முத்துமுத்தாய்த் தண்ணீர். அப்போது அது உறைக்கவில்லை. சனிக்கிழமை காலையில் தோலெல்லாம் சாம்பல் பூத்த மாதிரி திட்டு, விரலால் அழுத்தியது போல் குழி, காம்படியில் கறுப்பு. அறுத்தால் கொட்டையைச் சுற்றிக் கல் மாதிரி, வாசமே இல்லை. அம்மா ஒரு துண்டை வாயில் போட்டுவிட்டு "பூசணிக்காய்" என்று துப்பினார்.

போன் அடித்தேன். "உங்க வீட்டு வெக்கைக்கு அப்படித்தான் ஆகும்." மறுபடி அடித்தேன். "இயற்கைப் பழம் தம்பி, நாங்க மருந்து போடறதில்லை." அப்புறம், அடுத்த லோடில் இரண்டு பெட்டி சேர்த்துத் தருகிறாராம். வளைகாப்பை அடுத்த லோடுக்கா தள்ளி வைப்பது? பணத்தைத் திருப்பிக் கேட்டதும் நீல டிக் மட்டும் விழுந்தது. சாயங்காலம் குழுவிலிருந்தே என்னைத் தூக்கிவிட்டார்.

பாசிர் பாஞ்சாங் மொத்தச் சந்தையில் வேலை செய்யும் நண்பன் படத்தைப் பார்த்துச் சிரித்தான். "டேய், ஆப்பிள்னா 4 டிகிரி சரி. காயாப் பறிச்ச மாம்பழத்தை 13-க்குக் கீழே வைக்கவே கூடாது. வாழைக்கும் கிட்டத்தட்ட அதே கணக்குதான்." குளிர் தாக்கிய காய் அப்புறம் ஒழுங்காகப் பழுக்காதாம். குளிரறையில் இருக்கும்வரை காட்டிக்கொடுக்காது, வெளியே எடுத்து இரண்டு நாள் ஆனால்தான் தெரியுமாம். அதற்குள் காசு கைமாறிவிடும். அடைத்த பெட்டியின் ஈரம் பூஞ்சைக்கு வசதி. ஆக, எதைப் பார்த்து நம்பினேனோ அந்த அறையில்தான் என் 420 வெள்ளி கெட்டுப்போயிருக்கிறது.

விவரமாக எழுதத்தான் உட்கார்ந்தேன், எரிச்சலில் ஓடவில்லை. எத்தனை டிகிரியில் வைத்தார்கள் என்று கேளுங்கள். துளை அடைத்த பெட்டியை வாங்காதீர்கள். முழுப் பணத்தையும் முன்னால் கொடுக்காதீர்கள். பில், கடை முகவரி கட்டாயம் வாங்குங்கள். சின்னத் தொகை வழக்குகளைப் பார்க்கும் சிறு கோரிக்கை மன்றத்துக்குப் போகலாம் என்றால் யார் மேல் என்று எழுதுவது? என்னிடம் இருப்பது எடுக்காத ஒரு போன் நம்பரும் அந்த 4 டிகிரி படமும்தான்.