எஸ்கியூஎல்ஆல்கெமி 2.0: ரிலேஷன்ஷிப் பிழைகளைத் தேடும்போது எவ்வளவு கைகொடுக்கிறது?

டேட்டாபேஸ் டேபிள்களைப் பைதான் கிளாஸ்களாகக் கையாள உதவும் லைப்ரரி எஸ்கியூஎல்ஆல்கெமி. 2006 முதல் புழங்கிவரும் இதன் பெரிய பலம், டேபிள்களுக்கிடையிலான உறவுகளை விவரிக்கும் ரிலேஷன்ஷிப் அமைப்பு. பிழை தேடுபவரைத் திணறடிப்பதும் அதுதான். மேப்பிங்கில், அதாவது கிளாஸை டேபிளோடு இணைக்கும் வரையறையில், தவறென்றால் உடனே வாய்திறக்கிறது. தரவை எடுக்கும்போதும் அழிக்கும்போதும் பல சமயம் பேசாமலே இருந்துவிடுகிறது.

மேப்பிங் பிழைச் செய்திகள் அருமை. ஆர்டர் டேபிளிலிருந்து முகவரி டேபிளுக்கு பில்லிங், டெலிவரி என இரண்டு ஃபாரின் கீ (இன்னொரு டேபிளின் பதிவைச் சுட்டும் நெடுவரிசை) இருந்தால், எது வேண்டும் என்று 'ஃபாரின்_கீஸ்' கொடுக்கும்படி செய்தியே சொல்லிவிடும். டேபிளின் ஒரே நெடுவரிசையில் இரண்டு ரிலேஷன்ஷிப்கள் எழுதப்போனால் 1.4 முதல் எச்சரிக்கை வருகிறது. 'ஓவர்லாப்ஸ்' போட்டு அதை அடக்கும் முன், இரு பக்கமும் ஒன்றையொன்று சுட்டும் 'பேக்_பாப்புலேட்ஸ்' இருக்கிறதா என்று பாருங்கள். படிப்பதற்கு மட்டுமான உறவென்றால் 'வியூஒன்லி=ட்ரூ' போதும். மேப்பர்கள் (மேப்பிங்கைச் செயல்படுத்தும் பகுதி) முதலில் பயன்படும்போதுதான் இவை வெளிப்படும் என்பதால், எல்லா மாடல்களையும் இம்போர்ட் செய்து 'கான்ஃபிகர்_மேப்பர்ஸ்' அழைக்கும் ஒரு டெஸ்ட் அவசியம்.

அழிப்பதில்தான் எங்களுக்குக் குறை. ஆர்டரை அழித்தால், எதுவும் குறிப்பிடாதபோது, அதன் ஐட்டங்களின் ஃபாரின் கீ 'நல்' (வெற்று மதிப்பு) ஆகும். அந்த நெடுவரிசை 'நாட் நல்' (வெற்றாக இருக்கக் கூடாது) என்றால் இன்டெக்ரிட்டி எரர் வந்து காப்பாற்றும். இல்லாவிட்டால் அநாதைப் பதிவுகள் சத்தமின்றிச் சேரும். ஆர்டர் பக்கத்து ரிலேஷன்ஷிப்பில் 'ஆல், டெலீட்-ஆர்ஃபன்' கேஸ்கேட் வையுங்கள்; ஆர்டரோடு அதன் ஐட்டங்களும் அழியும். மறந்தும் ஐட்டம் பக்கத்தில் 'ஆல்' வேண்டாம்: ஒரு ஐட்டத்தை நீக்கினால் ஆர்டரும் சேர்ந்து போய்விடும். 'பாசிவ்_டெலீட்ஸ்=ட்ரூ' கொடுத்து டேட்டாபேஸே அழித்துக்கொள்ளும் 'ஆன் டெலீட் கேஸ்கேட்'டை நம்புகிறீர்கள் என்றால், எஸ்கியூலைட்டில் ஒவ்வொரு கனெக்‌ஷனிலும் 'ஃபாரின்_கீஸ்' ப்ராக்மாவை (எஸ்கியூலைட்டின் அமைப்புக் கட்டளை) ஆன் செய்தாக வேண்டும். இல்லையேல் செஷனில் (ஆப்ஜெக்ட்களை வைத்திருந்து டேட்டாபேஸோடு பேசும் பகுதி) ஏற்றப்படாத ஐட்டங்கள் அப்படியே கிடக்கும்.

எடுக்கும்போது 100 ஆர்டர்களைச் சுற்றி வந்து ஐட்டங்களைத் தொட்டால் 101 கொயரிகள்: ஆர்டர்களுக்கு ஒன்று, ஒவ்வோர் ஆர்டரின் ஐட்டங்களுக்கும் ஒன்று. ஓடும் கொயரிகளை அச்சிடும் 'எக்கோ=ட்ரூ' அதைக் காட்டும், ஆனால் எந்த வரி காரணம் என்று சொல்லாது. அதற்கு 'ரெய்ஸ்லோட்' இருக்கிறது. இந்த லைப்ரரியில் பிழை தேட இதைவிட நல்ல கருவி இல்லை. முன்கூட்டி ஏற்றாத உறவைத் தொட்ட வரியிலேயே எக்ஸெப்ஷன் எழும். பிறகு, கலெக்‌ஷன்களுக்கு தனிக் கொயரியில் மொத்தமாக ஏற்றும் 'செலக்ட்இன்லோட்', ஒற்றை உறவுக்கு ஜாயினில் சேர்த்தே எடுக்கும் 'ஜாயின்ட்லோட்'. இரண்டு கலெக்‌ஷன்களை ஜாயினில் எடுத்தால் 10 ஐட்டமும் 5 பேமெண்டும் உள்ள ஓர் ஆர்டருக்கே 50 பதிவுகள் திரும்பும்.

செஷனிலிருந்து பிரிந்த ஆப்ஜெக்ட்டில் ஏற்றாத மதிப்பைத் தொடும்போது வரும் டிடாச்ட் இன்ஸ்டன்ஸ் எரருக்கு 'எக்ஸ்பயர்_ஆன்_கமிட்=ஃபால்ஸ்' பாதி மருந்துதான். ஏற்கெனவே ஏற்றிய மதிப்புகள் கமிட்டுக்குப் பிறகும் தப்பும். செஷன் மூடியபின் ஏற்றப்படாத உறவைத் தொட்டால் அதே எரர் வரும்.

அசிங்க் (காத்திருக்காமல் மற்ற வேலைகளைத் தொடரும்) செஷனில், ஏற்றாத உறவைத் தொடும் இதே தவறு 'மிஸ்ஸிங் க்ரீன்லெட்' என்ற பெயரில் வருகிறது. பெயரைப் பார்த்து ஏதோ பேக்கேஜ் விடுபட்டதென்று நினைக்க வைக்கும் மோசமான செய்தி இது. ட்ரேஸ்பேக்கில் உங்கள் கோடின் கடைசி வரியைப் பாருங்கள். அங்கே தொடப்பட்ட உறவை கொயரியிலேயே 'செலக்ட்இன்லோட்' கொண்டு ஏற்றினால் சரியாகிவிடும்.